ஆளு கம்மி

1

போன வசந்தகாலத்தில் எங்கள் பல்கலைக்கழகக் கட்டடத்தில் தீ விபத்து ஒத்திகை நடத்தினார்கள். ஜெர்மனிக்காரர்களுக்கு ஒத்திகை என்றால் உயிர். மணி அடித்தால் போதும், சூடான காப்பியைக்கூட அப்படியே வைத்துவிட்டு வரிசையாகப் படியிறங்கிவிடுவார்கள். எதிரே புல்வெளியில் போய் நிற்பார்கள். ஆரஞ்சு மேற்சட்டை போட்ட பொறுப்பாளர் "எல்லோரும் வந்தாயிற்றா?" என்று கேட்பார். "வந்தாயிற்று" என்பார்கள். அப்புறம் மறுபடி மேலே ஏறி வருவார்கள்.

நான் போகவில்லை. போகக்கூடாது என்று இல்லை, மணி என் காதிலேயே விழவில்லை. ஒலிப்பதிவு அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிப் பெண்களிடம் எப்போதோ பதிவு செய்த பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தர் அக்கா தன் சூப்பர்வைசரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போது வேறு மணி எங்கே கேட்கும்?

தாகத்துக்கு வெளியே வந்தால் நடைபாதை வெறிச்சென்று கிடந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மொத்தத் துறையும் கீழே நின்றது. பக்கத்து அறைக்கார மார்ட்டின், எனக்குப் பல வருடத்துப் பழக்கம், வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பொறுப்பாளர் கட்டைவிரலை உயர்த்தினார். எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

"அட, நீ உள்ளேயேவா இருந்தாய்? எரிந்து போயிருப்பாயே!" என்று மார்ட்டின் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர்கள். எனக்குக் கால் பிசகியபோது வீட்டுக்கே சூப் கொண்டுவந்து கொடுத்தவர் மார்ட்டினின் மனைவி. பிறந்தநாள் வந்தால் நம் கேக்கை நாமே செய்துகொண்டு போகவேண்டும் என்ற விசித்திர வழக்கத்தை எனக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்ததும் இவர்கள்தான். ஆனாலும் அன்றைக்கு என்னால் அதைச் சிரிப்போடு விட முடியவில்லை. என் தொழில் சமூகவியல். மனிதர்கள் ஒன்றாக நிற்கும்போது அது எப்போது வெறும் நெரிசல், எப்போது ஒரு கூட்டம் என்பதைப் பற்றி வருடக்கணக்கில் ஒரு கோட்பாடு கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோட்பாட்டின்படி பார்த்தால், புல்வெளியில் நின்ற கூட்டத்தில் நான் இல்லை. எந்நாளும் இருந்ததில்லை.

2

அந்தக் கோட்பாட்டுக்கு நான் வைத்திருக்கும் பெயர் "ஆளு கம்மி".

வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குக் கம்மியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. உப்பு கம்மி, மழை கம்மி, மார்க் கம்மி. எதிர்ப்பக்கம் ஜாஸ்தி. பாய்மார் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து, இனி இது எங்களுடையதுதான் என்று ஆகிப்போன சொற்கள்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு, மேலே படிக்க வழி பிறக்கும்வரை, என் அக்கா விஜயாவோடு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். அக்கா ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில். நான் பசை தடவுகிற மேசையில். காலையில் ஊருக்குள் வேன் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும். மாலையில் கொண்டுவந்து கொட்டும். ஓட்டுநர் பாஷா பாய். வேனுக்குள் கல்யாணம், கருமாதி, காதல், சண்டை எல்லாமே நடக்கும்.

ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல், வரவில்லை. எனக்குப் பசை நெடியில் தலை கிறுகிறுவென்று வந்தது. உடை மாற்றும் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். வேலை முடிந்து வேன் கிளம்பிவிட்டது. கம்பெனி கேட்டைத் தாண்டும்போது எஸ்தர் அக்கா திடீரென்று, "பாய், நிறுத்து. ஆளு கம்மி" என்றிருக்கிறார். யார் கம்மி என்று அவருக்கே தெரியாது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பின்சீட்டிலிருந்து இன்னொருத்தி, "ஆமாங்க்கா, கம்மியாத்தான் கீது" என்றிருக்கிறாள். அதற்கப்புறம்தான் முகம் முகமாகத் திரும்பிப் பார்த்து, "ஐயோ, விஜயா தங்கச்சி!" என்று அலறியிருக்கிறார்கள்.

என்னை உலுக்கி எழுப்பியதும் எஸ்தர் அக்காதான். "இன்னாடி சுமதி, கம்பெனிக்கு நீதான் வாட்ச்மேனா?" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் வலிக்காமல் வலிக்கிறது.

என் கோட்பாடு மொத்தமும் அங்கே பிறந்ததுதான். யார் யார் இருக்கிறார்கள் என்பதால் ஒரு கூட்டம் கூட்டமாகிவிடாது. யார் இல்லை என்பது எண்ணாமலே அதற்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் கூட்டம். தெரியாவிட்டால் பஸ் ஸ்டாண்ட்.

இதை ஜெர்மனில் எழுதப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். "ஆளு கம்மி" என்பதை முதல் கட்டுரையில் நானே ஆர்வக்கோளாறில் "ஆள் பற்றாக்குறை" என்கிற பொருளில் எழுதித் தொலைத்தேன். ஆய்விதழ்க்காரர்கள் அதைத் தொழிலாளர் சந்தை நிபுணர் ஒருவருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பொறுப்பாகப் படித்துவிட்டு, கூலியை உயர்த்தினால் பற்றாக்குறை தீரும் என்று ஆலோசனை எழுதியிருந்தார். ஒரு வாரம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

மார்ட்டின் கேட்ட கேள்வி வேறு மாதிரி. "யாராவது ஒருவர்தானே முதலில் உணர்ந்திருக்க வேண்டும்? அவர் யார், ஏன் அவர்?" என்பார். "அப்படி ஒருவர் இல்லை. வேனுக்கே தெரியும்" என்பேன். அவர் புருவத்தை மட்டும் தூக்குவார். கோட்பாடு கட்டுவது என்றால் இதுதான். ஒரு சின்னக் காட்சியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு பெயர் வைத்து, அப்புறம் அதை யார் வந்து உதைத்தாலும் விழாமல் இருக்கிறதா என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பது.

அக்காவிடம் இதைச் சொல்லி விளக்கியிருக்கிறேன். "இன்னாடி, அப்பலேருந்து கட்றேன், கட்றேன்ற. கிரகப்பிரவேசம் எப்போ?" என்பாள்.

3

ஒத்திகை நடந்த அன்று மத்தியானமே அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே அவள் கம்பெனியிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம்.

"தீப்பிடிச்சா நான் செத்துட்டேன்னுகூட இங்க எவனுக்கும் தெரியாதுக்கா."

"சீ, வாயக் கழுவு. பெரிய படிப்பு படிச்சிட்டு பேசற பேச்சப் பாரு."

"நீ இங்க வா. கொஞ்ச நாள் என்கூட இரு."

அவளும்தான் வரப் பார்த்தாள். விசா கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லையாம். அக்காவுக்குச் சொத்து பத்து கிடையாது, பிள்ளை குட்டி கிடையாது, அவர்கள் கணக்கில் அவையெல்லாம்தான் காரணம். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் வர்லன்னா வேன்ல ஆளு கம்மின்னு சொல்வாங்க சார்னு சொல்லட்டா? வுட்டுடுவாங்களா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உலகத்திலேயே உறுதியான காரணம் அதுதான். எந்த விண்ணப்பத்திலும் அதற்கு இடமில்லை.

அக்கா வர முடியாது என்றானதும், கோடை விடுமுறைக்கு நாங்கள் போவதாக முடிவு செய்தோம். வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. நானும் மகளும் மட்டும்.

மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் யாழினி. ஆசை ஆசையாக வைத்த பெயர். இங்கே ஒருவர் வாயிலும் ழ நுழையாது என்பதை அப்போது யோசிக்கவில்லை. பள்ளியில் யாலினி. கால்பந்துக் குழுவில் வெறும் லினி. இப்போதெல்லாம் அவளே போனில் "லினி பேசுகிறேன்" என்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். சாப்பாட்டு மேசையில் நான் ஏதாவது ஆரம்பித்தால், "அம்மா, விளக்கம் வேண்டாம்" என்று காதில் எதையாவது மாட்டிக்கொள்வாள். பதினைந்து வயதில் நானும் இப்படித்தான் இருந்திருப்பேன் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். நான் பதினைந்து வயதில் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேறு மொழி வைத்திருக்கவில்லை.

"அது உன் ஊர். எனக்கு அங்கே யாரையும் தெரியாது" என்றாள். கடைசியில் பெரியம்மாவுக்காக வருவதாக ஒத்துக்கொண்டாள். எனக்காக இல்லை என்பதையும் மறக்காமல் சொன்னாள்.

4

ஊரில் இறங்கிய மூன்றாவது நாளே எனக்குப் பொறாமை வந்துவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சொந்த மகள் மேல் பொறாமை.

எங்களோடு வேனில் வந்துகொண்டிருந்த கஸ்தூரி, கல்யாணமாகித் திமிரிப் பக்கம் போனவள், புதுவீடு கட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். வேன் பெண்கள் எல்லோரும் பாஷா பாயின் வண்டியைப் பேசி, பொதுவில் ஒரு குத்துவிளக்கு வாங்கி வைத்திருந்தார்கள். "உன் வீடுதான் கட்டி முடிஞ்ச பாடில்ல. அவ வீட்டயாச்சும் வந்து பாரு" என்று அக்கா எங்களையும் கூப்பிட்டாள்.

வண்டி புதிது. பாஷா பாயின் தாடி வெளுத்திருந்தது. எஸ்தர் அக்காவுக்கு முட்டி வலி, இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். பாதிப் பேர் எனக்குத் தெரியாத சின்னப் பெண்கள். "ஜெர்மனி அக்கா" என்று மரியாதையாக ஜன்னல் சீட்டைக் கொடுத்தார்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் அந்த சீட்டுக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம்.

பாஷா பாய் வண்டியை எடுத்தார். ஒரு வீடுகூடத் தாண்டவில்லை. "இரு பாய், ஆளு கம்மி" என்றது ஒரு குரல். "ஆமா, அந்த ஜெர்மனிப் பொண்ணு எங்க?" என்றது இன்னொன்று. யாழினி போன் சார்ஜரை மறந்துவிட்டாளென்று வீட்டுக்குள் ஓடியிருந்தாள். பெற்றவள் நான், ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து மூன்று நாள்கூட ஆகாத பெண்ணை வேன் கண்டுபிடித்துவிட்டது.

மூச்சிரைக்க வந்து ஏறியவளை எஸ்தர் அக்கா பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். "இன்னா கண்ணு, எங்கள வுட்டுட்டு போலாம்னு பார்த்தியா?"

"அவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று யாழினி என்னைப் பார்த்து ஜெர்மனில் கேட்டாள்.

"நீ ஏறுறதுக்கு முன்னாடி, ஆளு கம்மின்னு சொன்னாங்க. ஒரு ஆள் குறையுது. நீதான் அது" என்று ஆரம்பித்து, சொல்லின் வரலாறு, உருதுத் தொடர்பு எல்லாவற்றையும் விளக்கினேன். வழக்கம்போல பாதியிலேயே திரும்பிக்கொண்டாள்.

திமிரியில் விருந்து பிரமாதம். கஸ்தூரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் என் மனசு முழுக்க ஒரே கேள்விதான். அவளைத் தேடினார்களே, என்னைத் தேடுவார்களா? புல்வெளியில் நான் இல்லாதவள் என்பதைத் தாங்கிக்கொள்வேன். அது அவர்கள் ஊர். இந்த வேனிலும் நான் இல்லையென்றால் எனக்கு எங்கேயுமே இடமில்லை. என் கோட்பாடு அப்படித்தான் சொல்கிறது, அதைக் கட்டியவளே நான்தான்.

5

திரும்பும் வழியில் வேலூரில் நிறுத்தினார்கள். லாங் பஜாரில் ஆளாளுக்கு ஏதாவது வாங்கவேண்டும். கோட்டை அகழி ஓரமாக வண்டியைப் போட்டுவிட்டு, "சீக்கிரம் வந்துடுங்கம்மா, பேஜார் பண்ணாதீங்க" என்றார் பாஷா பாய்.

பஜாரில் கைவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் நசுங்கி, ஒரு சல்லடையும் ரப்பர் செருப்பும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வேன் கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு இளநீர் வண்டி நின்றிருந்தது. என் கால் தானாக அதன் பின்னால் போய் நின்றது.

ஆய்வு முறையில் இதற்கு நல்ல பெயர்கள் உண்டு. எந்தப் பெயரும் வேண்டாம். ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான். இத்தனை வயசுக்கு.

"இளநீ வேணுமாம்மா?" என்றார் வண்டிக்காரர்.

"இருங்கண்ணா, கொஞ்சம் மறைச்சிக்குங்க."

அவர் என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். "வூட்ல சண்டையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

வேனின் கதவு சாத்தப்பட்டது. அக்கா முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தாள். நான் பின்னால் மகளோடு இருப்பதாக நினைத்திருப்பாள். மகள், நான் அக்காவோடு இருப்பதாக நினைத்திருப்பாள். எஸ்தர் அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். இன்ஜின் உறுமியது. இதோ சொல்வார்கள், இப்போது சொல்வார்கள் என்று நின்றேன். எஸ்தர் அக்கா கண்ணைத் திறக்கவில்லை. வேன் என் கண்ணெதிரே, இளநீர் வண்டியை உரசினாற்போலக் கடந்து போனது.

சல்லடையை மார்போடு பிடித்துக்கொண்டு, வாய் திறந்து கூப்பிடக்கூடத் தோன்றாமல் நின்றேன். கூப்பிட்டால் நிற்பார்கள்தான். கூப்பிட்டு நின்றால் அது என்ன நிற்பது?

வேன் திருப்பத்தை நெருங்கியபோது ஒரு கத்தல் கேட்டது.

"நிறுத்து! நிறுத்து! அம்மா கம்மி!"

வேறு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆளு கம்மி உண்டு, பணம் கம்மி உண்டு. அம்மா கம்மி என்று ஒரு பேச்சு கிடையாது. உடனே வேனுக்குள்ளிருந்து அத்தனை குரலும் ஒன்றாகக் கிளம்பியது. "நிறுத்து பாய்! நிறுத்து!" யாரும் ஏன் என்று கேட்கவில்லை, யாரும் எண்ணவில்லை. பின்னால் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்து வண்டி நின்றது. கதவு திறந்து என் மகள் குதித்து, பஜாருக்குப் போகிற கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள்.

6

ஜெர்மனில் திட்டினாள், தமிழில் திட்டினாள், இரண்டிலும் வார்த்தை தீர்ந்துபோய் என் தோளில் குத்தினாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். இளநீர்க்காரர், "சண்ட போடாதீங்கம்மா, பொண்ணு நல்ல பொண்ணு" என்று தீர்ப்புச் சொன்னார்.

"எப்படிடி தெரிஞ்சுது உனக்கு?"

யோசித்தாள். அப்புறம் தமிழிலேயே, கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னாள். "சத்தம் கம்மி ஆச்சு. யாரும் எனக்கு எதையும் விளக்கல. முதல்ல நல்லா இருந்துச்சு. அப்புறம் பயமா இருந்துச்சு."

என் வாயை இத்தனை வருடமும் சகித்துக்கொண்டிருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்! அது அவளுக்கு வீட்டுச் சத்தமாக ஆகியிருக்கிறது. அவளைக் கட்டிக்கொண்டேன். நடுத்தெருவில் கூச்சப்பட்டாலும் கையை உதறவில்லை.

மார்ட்டின் சொன்னது சரிதான். யாராவது ஒருவர்தான் முதலில் உணர வேண்டும். வேனுக்கு நான் இல்லாதது தெரியவில்லை, அது நிஜம், வலிக்கத்தான் வலித்தது. ஆனால் வந்து சில நாளே ஆன ஒரு பெண், தப்பும் தவறுமாக ஒரு வார்த்தை கத்தியதும், அத்தனை பேரும் அவளை நம்பி நிறுத்தச் சொன்னார்களே! எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒருத்திக்குத் தெரிந்தால் மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் நிற்க வேண்டும், அதுதான் கூட்டம். ஜெர்மனிக்குத் திரும்பியதும் இதை மார்ட்டினிடம் சொன்னால் புருவத்தைத் தூக்குவார். தூக்கட்டும்.

வேனில் ஏறினேன். "எங்க போய்ட்ட நீ, இன்னா ஆளு நீ" என்று நாலாபக்கமும் திட்டு விழுந்தது. ஜெர்மனி அக்கா என்று ஒருத்தியும் சொல்லவில்லை. என் ஜன்னல் சீட்டில் ஒரு சின்னப் பெண் பையோடு உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவும் இல்லை. எஸ்தர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டி என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு யாழினியின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார்.

"உங்கம்மா கம்மியாடி? அவ எப்பவும் ஜாஸ்திடி கண்ணு!"

வேனே சிரிப்பில் குலுங்கியது. யாழினிக்கும் அந்தச் சொல் புரிந்துவிட்டது. யாரும் விளக்காமலே சிரித்தாள்.

அக்கா மட்டும் முன்சீட்டிலிருந்து திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஏமாற்ற முடியாது. "வேணும்னே பண்ணதானே? இன்னா ஆச்சு, உன் வீடு இடிஞ்சி போச்சா?"

"இல்லக்கா, நிக்குது. நான் நெனச்ச எடத்துல இல்ல, அவ்ளோதான்."

"எங்கியோ ஒரு எடம். இன்னிக்கே பால் காய்ச்சிடு."

பாஷா பாய் கண்ணாடியில் பார்த்தார். "சலோ, போலாமா? எல்லாரும் வந்தாச்சா?"

வழக்கமாக எல்லோரும் ஒரே குரலில் கத்துவார்கள். அன்றைக்கு அத்தனை பேரும் யாழினியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று, சீட் சீட்டாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். கடைசியாக அவள் பார்வை என் முகத்தில் வந்து கொஞ்சம் நின்றது.

"சரியா இருக்கு பாய்," என்றாள். "போலாம்."